ஊருணித் தண்ணீர் ஆய்வகம் வந்து சேர்வதற்குள்

ஆய்வக உதவியாளர், காரைக்குடி:

ஊருணித் தண்ணீரைச் சோதிக்கும்போது எண் தப்பாக வந்தால் எல்லோரும் கருவியைத்தான் திட்டுகிறார்கள். பாதிக் கோளாறு ஊருணிப் படிக்கட்டிலேயே நடந்து முடிந்திருக்கும். கடைசிப் படியில் குந்தி பாட்டிலை முக்கினால் படியில் வளர்ந்த பாசியும் கால் பட்டுக் கலங்கிய வண்டலும்தான் அள்ளி வரும். குளிக்கும் ஊருணி என்றால் சோப்பும் சேர்ந்துகொள்ளும். குடிதண்ணீர் ஊருணிக்குள் செருப்போடு இறங்கவே கூடாது, ஊரில் விடவும் மாட்டார்கள். படியிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி எடுக்க வேண்டும். நுனியில் பாட்டிலைக் கட்ட நீளமான பிவிசி குழாய் ஒன்று இருந்தால் போதும்.

தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்க அதுவும் போதாது. வெறும் பாட்டிலை முக்கினால் குபுகுபுவென்று குமிழி விட்டு நிரம்பும். அந்தக் காற்றே தண்ணீரில் கரைந்துவிடும். ரெண்டு லிட்டர் டப்பாவுக்குள் 300 மில்லி பாட்டிலை நிறுத்துங்கள். டப்பா மூடியில் இரண்டு குழாய்: ஒன்று பாட்டிலின் அடி வரை போகணும், மற்றது மூடியோடு நின்று காற்றை வெளியே விடணும். டப்பாவை முக்கினால் தண்ணீர் பாட்டிலை அடியிலிருந்து நிரப்பி, வழிந்து, டப்பாவையும் நிரப்பும். அதற்குள் பாட்டிலில் இருந்த தண்ணீர் நாலைந்து தடவை மாறியிருக்கும்.

கரையிலேயே அந்தப் பாட்டிலில் மாங்கனீசு சல்ஃபேட் 2 மில்லி, ஆல்கலி அயோடைடு அசைடு 2 மில்லி ஊற்றணும். பிப்பெட் நுனி தண்ணீருக்குள் இருக்கணும். குமிழி இல்லாமல் மூடி, பதினைந்து தடவை கவிழ்த்துப் பிரட்டுங்கள். பழுப்பு வண்டல் இறங்கினால் ஆக்ஸிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் ஆக்ஸிஜன் அறவே இல்லை. வண்டல் பாதி இறங்கியதும் 2 மில்லி அடர் சல்ஃபூரிக் அமிலம். பிறகு டைட்ரேஷனுக்கு (தயோசல்ஃபேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பதற்கு) 200 இல்லை, 203 மில்லி எடுக்கணும். முதலில் ஊற்றிய 4 மில்லி மருந்து அதே அளவு தண்ணீரை வெளியே தள்ளிவிட்டதல்லவா, அதற்கான ஈடு அது. 0.025 நார்மல் தயோசல்ஃபேட்டில் ஒரு மில்லி செலவானால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்ஸிஜன். தயோசல்ஃபேட் நாள்பட வலு குறையும். மூன்று மாதம் முந்திக் கலக்கிய பாட்டிலை நம்பி எழுதிய எண்ணெல்லாம் நிஜத்தைவிடக் கூடுதலாகத்தான் நிற்கும். டைகுரோமேட் வைத்து அவ்வப்போது சரிபாருங்கள்.

நீரியல் ஆய்வு மாணவி, தேவகோட்டை:

அண்ணன் சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துக்கணும். பாசி பிடித்த ஊருணியில் விடியக்காலை 2 மில்லிகிராம், பிற்பகல் மூன்று மணிக்கு 12. இரண்டும் சரியான அளவுதான். 30 டிகிரியில் தண்ணீர் காற்றிலிருந்து தாங்குவது சுமார் 7.5, அதற்கு மேலே உள்ளது பாசி பகலில் விட்ட ஆக்ஸிஜன். மணி எழுதாத ஆக்ஸிஜன் கணக்கைத் தூரப் போடலாம். ஏழு ஊருணிக்கு ஒரே நாளில் வண்டி ஓட்டினால் முதல் ஊருணி மோசம், கடைசி ஊருணி நல்லது என்று முடிவு வரும். ஊருணிக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இருக்காது.

ஆக்ஸிஜன் மீட்டர் வைத்திருப்பவர்கள்: சவ்வு உள்ள பழைய வகை புரோப் (தண்ணீருக்குள் விடும் முனை) தானே ஆக்ஸிஜனைத் தின்னும். அசையாத ஊருணித் தண்ணீரில் சும்மா தொங்கவிட்டால் எண் இறங்கிக்கொண்டே போகும், மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கணும். ஒளியால் அளக்கும் புது வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிளாங்டன் (தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்) பார்ப்பவர், காரைக்குடி:

கலங்கலை அளக்கத் தண்ணீருக்குள் இறக்கும் செக்கி தட்டு, நம்ம செம்மண் பூமியில் ஆளை ஏமாற்றும். 20 சென்டிமீட்டர் தட்டு ஒரு சாணிலேயே மறைந்துவிட்டால் 'பாசி மிகுதி' என்று எழுதிவிடுகிறார்கள். செம்புரான்கல் மண் கரைந்து நின்றாலும் தட்டு மறையத்தான் செய்யும். 100 மில்லி தண்ணீரைக் கண்ணாடி இழை ஃபில்டரில் இழுத்துப் பாருங்கள். தாளில் செங்கல் நிறம் படிந்தால் மண், பச்சை படிந்தால் பாசி. பச்சையாக இருந்தால் மட்டும் குளோரோஃபில் (பச்சையம்) அளக்கப் போங்கள்: தாளை 90 சதவீத அசிட்டோனில் ஊறப்போட்டு, இருட்டில், ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி.

எண்ணுவதற்கு எடுத்த பாசித் தண்ணீர் மாதிரி கெடாமல் இருக்க லூகால் அயோடின் கரைசல், 100 மில்லிக்கு ஒரு மில்லிக்குள். பால் விடாத டீயின் வெளிர் நிறம் வந்தால் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பாட்டில் அயோடினை உறிஞ்சும், வெயில் மீதியைக் கெடுக்கும். பழுப்புக் கண்ணாடிதான் சரி. நிறம் வெளுத்தால் மறுபடி சொட்டு விடணும். பாசியை எண்ணும் தட்டில் 1 மில்லி ஊற்றிப் பதினைந்து நிமிடம் அடங்க விடாமல் எண்ண ஆரம்பிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிற தப்பு.

இன்னொன்று, மாதிரியைக் கொண்டுவரும் ஐஸ். மீன் கடைத் தெர்மாக்கோல் பெட்டியும் ஐஸும் மலிவு, ஆனால் உருகிய தண்ணீரில் மார்க்கர் எழுத்து கரைந்து போகும். டிரேசிங் தாளில் பென்சிலால் எழுதி, பாட்டில் கழுத்தில் நூலால் கட்டுங்கள். சாராயத்தில் ஊறும் மாதிரிக்கும் பென்சில்தான்.

கண்மாய்ப் பறவை கணக்கெடுப்பவர், திருப்பத்தூர்:

கண்மாய் வேறு மாதிரி. கோடையில் மீன்பிடித் திருவிழா நடந்தால் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி கருவிகளோடு ஊரே இறங்கிக் கலக்கும். அடுத்த நாள் எடுத்த கலங்கல் அளவும் பாஸ்பேட்டும் கண்மாயின் இயல்பு ஆகாது. ஊர்ப் பெரியவரான அம்பலத்தாரிடம் முன்கூட்டியே தேதி கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். குத்தகைதாரர் மீன்குஞ்சு விட்ட நாளையும்.

நத்தை குத்தி நாரையை எண்ணுகிறவர்கள் நத்தையையும் எண்ணணும். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் போதும். கோடையில் மேலே கிடப்பது பெரும்பாலும் காலி ஓடு. உயிருள்ளது மூடியைச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் புதைந்திருக்கும். தோண்டாமல் 'நத்தை இல்லை' என்று எழுதாதீர்கள்.

வேட்டங்குடி 1977இல் பறவைகள் சரணாலயமானது, 38.4 ஹெக்டேர். பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. அங்கே போய்க் கூட்டுக்கு அடியில் நின்று கை தட்டிக் கிளப்பிப் படம் எடுப்பவர்களை என்ன சொல்ல? ஆய்வுக்கு வனத்துறையின் எழுத்து மூல அனுமதி வேண்டும். கரையிலிருந்து தொலைநோக்கி, காலை ஒன்பது மணிக்குள், ஒரே இடத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தாய்ப்பறவை கிளம்பினால் முட்டையை முதலில் வெயில் சுடும், பிறகு காக்கா வரும்.

நீரியல் ஆய்வு மாணவி, தேவகோட்டை:

கூடு உள்ள மரத்துக்கு எண் எப்படிப் போடுகிறீர்கள்? பெயின்ட் ஒரு மழைக்குத் தாங்கவில்லை.

கண்மாய்ப் பறவை கணக்கெடுப்பவர், திருப்பத்தூர்:

அலுமினியத் தகட்டில் எண்ணை ஆணியால் குத்தி, அலுமினிய ஆணியாலேயே அடிங்கம்மா. ஆணியின் பாதியாவது வெளியே நீட்டிக்கொண்டு இருக்கணும். இல்லாவிட்டால் மரம் பருத்துத் தகட்டை விழுங்கிவிடும். பறவை போன பிறகு, கண்மாய் வற்றியதும் அடிக்கலாம். மரத்தின் சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கணும். சீமைக் கருவேல் அடியிலேயே நாலைந்தாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு கிளைக்கும் குறிப்பேட்டில் தனித்தனி வரி. அதை வெட்டச் சொல்லி எழுதும்போது கவனம்: மட்டத்தில் வெட்டினால் தூரிலிருந்து முளைக்கும், வேரோடு பிடுங்கணும். பக்கத்தில் வைத்த நாட்டுக் கருவேல் கூடு தாங்குகிற அளவுக்கு வளரும் வரை, கூடு உள்ள சீமைக் கருவேலை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.