ஆரஞ்சு டொம்பூஸும் கேசரிப் பவுடரும்

ஐந்தோவனிலிருந்து:

நெதர்லாந்துக்கு வந்த புதிதில், அரசர் பிறந்தநாள் நெருங்கும்போது அலுவலகத்தில் எல்லோரும் "ஹேமா டொம்பூஸ்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஹேமா யாரோ நம்ம ஊர்ப் பெண், வீட்டில் கேக் செய்து விற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் அது 1926 முதல் இருக்கிற கடை!

நம் பேக்கரி பஃப்ஸின் மாவை நீள்சதுரமாகச் சுட்டு, இரண்டு தகடுகளுக்கு நடுவே கஸ்டர்ட் கிரீமைக் கனமாக வைத்து, தலையில் சர்க்கரைப் பூச்சு பூசினால் டொம்பூஸ். வருஷம் முழுக்க அந்தப் பூச்சு ரோஸ் கலர். ஏப்ரல் 27, கோனிங்ஸ்டாக் என்கிற அரசர் நாள் சமயத்தில் மட்டும் ஆரஞ்சாக மாறிவிடும். அரச குடும்பத்தின் பெயரே ஒரான்யே-நஸ்ஸவ், ஒரான்யே என்றால் டச்சில் ஆரஞ்சு. அதனால் அன்றைக்குத் தொப்பி, சட்டை, நாயின் கழுத்துப்பட்டை வரை எல்லாம் ஆரஞ்சுதான்.

2024இல் அம்மா வந்திருந்தார். முட்டை தொடமாட்டார். பேக்கரி கிரீமில் மஞ்சள்கரு இருக்கும், கெட்டியாக நிற்பதற்கு ஜெலட்டின் சேர்ப்பவர்களும் உண்டு. சரி, வீட்டிலேயே செய்துவிடுவோம் என்று இறங்கினேன். பிளாடர்டேக் என்ற பெயரில் அடுக்கு மாவு தகடு தகடாக ஃப்ரீசரிலேயே கிடைக்கிறது. நான் வாங்கியதில் வெண்ணெய்கூட இல்லை, தாவரக் கொழுப்புதான்.

முதல் தட்டை 200 டிகிரியில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், ஒவ்வொன்றும் பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. பஃப்ஸ் உப்பினால் அழகு. இதற்கு அது ஆகாது, பூச்சு வழிந்து ஓடிவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்துவிட்டு, மாவை முள்கரண்டியால் நிறையக் குத்தச் சொன்னார். மேலே பேக்கிங் தாள், அதற்கு மேல் இன்னொரு தட்டைப் பாரமாக வைத்துச் சுட வேண்டுமாம். அடுத்த சுற்று தட்டையாகவும் வந்தது, உள்ளே அடுக்கும் கெடவில்லை.

கிரீமுக்கு அரை லிட்டர் பால், 60 கிராம் கஸ்டர்ட் பவுடர், 80 கிராம் சர்க்கரை. நான் வாங்கிய பவுடரில் முட்டை கிடையாது என்பதுதான் எங்களைக் காப்பாற்றியது. அல்வா கிண்டுவதுபோல் கை எடுக்காமல் கிளறி, ஆடை படியாமல் இருக்க பிளாஸ்டிக் தாளைக் கிரீமின் மேலேயே படியவிட்டு மூடினேன். அப்புறம் பொறுமை போய்விட்டது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே எடுத்துத் தகடுகளுக்கு நடுவே வைத்தேன். முதல் இரண்டும் சாய்ந்து படுத்துவிட்டன. மிச்சத்தை நன்றாக ஆறவைத்து, அடித்து மிருதுவாக்கிய பிறகே தொட்டேன்.

ஆரஞ்சு வண்ணம் கடையில் தீர்ந்திருந்தது. அம்மா தன் பெட்டியைத் திறந்து கேசரிப் பவுடரை நீட்டினார். 150 கிராம் ஐசிங் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் தண்ணீர், ஒரு சிட்டிகை பவுடர். கல்யாண வீட்டுக் கேசரியின் அதே நிறம்!

கடித்தால் கிரீம் இரண்டு பக்கமும் பிதுங்கி மடியில் விழும். பாட்டி வந்து, மேல் தகட்டைத் தூக்கி அடியில் செருகிவிட்டு நிதானமாகச் சாப்பிட்டார். டிவியில் அரசர் குடும்பம் எம்மன் நகரில் கையசைத்துக்கொண்டிருந்தது. "பாவம், இத்தனை கேமரா முன்னாடி அந்த மனுஷன் இதை எப்படிச் சாப்பிடுவார்?" என்றார் அம்மா.

ஹேக் நகரிலிருந்து:

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து 1993இல் இங்கே வந்தோம். அப்போது இது அரசியின் நாள், ஏப்ரல் 30. பியாட்ரிக்ஸ் அரசியின் பிறந்தநாள் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். அது அவருடைய அம்மா யூலியானாவின் பிறந்தநாள். பியாட்ரிக்ஸ் பிறந்தது ஜனவரி 31, அந்தக் குளிரில் யார் தெருவில் கடை பரப்புவது? மகன் வில்லம் அலெக்சாண்டர் அரசரான பிறகு, 2014இலிருந்துதான் 27.

அன்றைக்கு ஃப்ரைமார்க்ட், அதாவது யாரும் தெருவில் துணி விரித்து விற்கலாம். எங்கள் மகள் பழைய விளையாட்டுச் சாமான்களோடு டொம்பூஸும் விற்றாள். நான் பெரிய தகடாக ஒட்டிவைத்துக் கடைசியில் வெட்டப்போய், கத்தி அழுத்தியதில் கிரீம் முழுக்க மேசைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மேல் தகட்டை முதலே துண்டு போட்டு, பூச்சுப் பூசிக் காயவைத்து, கடைசியில்தான் கிரீம் மேல் அடுக்குவேன். அந்த முறை தப்பிய நாலில் இரண்டைக் கொடுத்து, எதிர்த் துணிக்காரப் பையனிடம் சறுக்குச் சப்பாத்து ஒரு சோடி மாற்றிக்கொண்டு வந்தாள் மகள். ஒரு அளவு பெரிது. அடுத்த வருஷம் போட்டாள்.

உத்ரெக்டிலிருந்து:

எனக்கு மாவும் சரியாக வந்தது, கிரீமும் சரியாக வந்தது. நாள்தான் தப்பிவிட்டது. 2025இல் ஏப்ரல் 27 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறில் வந்தால் முந்தைய நாள் சனியிலேயே கொண்டாடிவிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியம் பிளாடர்டேக் வாங்கலாம் என்று வெளியே வந்தால் தெரு முழுக்க ஆரஞ்சு, கால் வைக்க இடமில்லை.

வாங்கியதை வீணாக்க மனமில்லாமல் ஞாயிறன்றே சுட்டேன். பன்னிரண்டு துண்டு, வீட்டில் மூன்றே பேர். மிச்சத்தைத் திங்களன்று அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். ராத்திரி முழுக்கக் கிரீமோடு கிடந்த மாவு ஈரம் இழுத்து, ஆறிய சப்பாத்தி மாதிரித் துவண்டிருந்தது. செய்த அன்றே சாப்பிட வேண்டிய பண்டம் இது. பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "லெக்கர்", அதாவது ருசி, என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அடுத்த வருஷத்துக்கு இப்போதே செய்துவிட்டாயா?"