இசை முதுகலை படித்துக்கொண்டே கிளாஸும் எடுப்பவர்கள்: இந்த வாரம் உங்களுக்கு எப்படிப் போனது?

ஐந்தரைக்கட்டை எழுதியது:

நானே ஆரம்பிக்கிறேன். எம்.ஏ. இரண்டாம் வருடம், வாய்ப்பாட்டு, சென்னை. காலையில் கல்லூரி. மதியம் ஒரு பள்ளியில் ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்குப் பாட்டு பீரியட். பள்ளியின் பெயர் வேண்டாம், சம்பளத்தைப் பற்றியும் கேட்காதீர்கள். ஆய்வேடு ஆரம்பப் பாடங்களைக் கூட்டமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றியது என்பதால் அந்த பீரியட்தான் என் சோதனைச்சாலை.

திங்கட்கிழமை ரிஷபத்தோடு, அதாவது "ரி" ஸ்வரத்தோடு, சண்டை. முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் வைத்தது புரந்தரதாசர் என்று மரபில் சொல்கிறோம், சரி. ஆனால் நாள் முழுக்க சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு அதன் சுத்த ரிஷபம், சட்ஜத்தை ("ச") ஒட்டி நிற்கும் தாழ்ந்த "ரி", ஒட்டவே ஒட்டாது. "ச ரி க ம" என்று நான் பாடினால் திரும்பி வருவது சங்கராபரண ராகம்! நாற்பது பேர் ஒரே குரலில் அந்த ராகத்தின் உயரமான சதுஸ்ருதி ரிஷபத்தில் நிற்கும்போது அதைக் கீழே இழுப்பது லேசான காரியமில்லை. ஆரோகணத்தை நிறுத்திவிட்டு "ப த ப" மட்டும் பாடவைத்தேன், அப்புறம் அதே அசைவைக் கீழே கொண்டுவந்து "ச ரி ச". ச-ரி, க-ம, ப-த, நி-ச நான்குமே இந்த ராகத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும் ஸ்தானங்கள்தானே. ரெண்டு மூன்று சுற்று போனதும் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "மிஸ், மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒரே படிக்கட்டு, இடம்தான் வேற" என்றாள். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பூர்வாங்கம் (ச முதல் ம வரை), உத்தராங்கம் (ப முதல் மேல் ச வரை) என்று எங்கள் தியரி நோட்டில் ஒரு பக்கத்துக்கு இருப்பதைத்தான் அவள் காதால் கண்டுபிடித்திருக்கிறாள். பஸ்ஸில் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஆண்டு விழாவுக்குக் குழுப்பாடல். எட்டாவதில் ஒரு பையன், போன வருடம் வரை மேல் ஸ்தாயி சட்ஜத்தில் அசையாமல் நின்றவன், இப்போது மகரக்கட்டு, குரல் உடைகிற பருவம். பஞ்சமத்துக்குப் போனால் குரல் பிளக்கிறது, பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். விழாப் பொறுப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் வரிசையில நிக்கட்டும், வாயை மட்டும் அசைக்கச் சொல்லுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரல் மாறுகிற வயதில் ஒரு பையனிடம் வாயை மட்டும் அசை என்றால் அப்புறம் அவன் வாழ்நாளில் வாயைத் திறப்பானா? அந்தக் காலத்துக் குருமார்கள் இந்தச் சமயத்தில் பையனை வயலின் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது, குறைந்தபட்சம் இசையை விட்டு வெளியே அனுப்பவில்லை.

உண்மையில் தொல்லை அந்தப் பையனில் இல்லை, சுருதியில் இருக்கிறது. நமக்கு ஐந்தரைக் கட்டை (கட்டை என்றால் ஆதாரச் சட்ஜத்தை வைக்கும் உயரம்) சௌகரியம் என்பதால் மொத்த வகுப்பையும் அதில் உட்காரவைக்கிறோம். அவனுக்கு அதில் மேல் பஞ்சமமும் வராது, ஒரு ஸ்தாயி இறக்கினால் கீழ்ச் சட்ஜமும் வராது. ஒன்றரைக் கட்டையில் தம்பூரா ஆப்பை வைத்தால் அவன் ஒரு ஸ்தாயி கீழே தாராளமாகப் பாடலாம், மற்ற பிள்ளைகளும் தங்கள் ஸ்தாயியில் மேல் சட்ஜம் வரை போகலாம். மந்திர ஸ்தாயிக்கு, அதாவது ஆதாரச் சட்ஜத்துக்கும் கீழே, இறங்காத பாட்டாகப் பார்த்து எடுக்கவேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடமாகக் கச்சேரிக்காகக் குரலைத் தயார் செய்ய எவ்வளவோ சொல்லித் தந்திருக்கிறார்கள், நாற்பது குரல்களுக்கு நடுவில் ஒரு சுருதியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. என் ஆதங்கம் முழுக்க இதுதான்.

புதன் பரவாயில்லை. ஹங்கேரியின் கோடாய் இசைக்கல்வி முறையில் ஸ்வரத்துக்கு ஒன்றாக வரும் கைச்சைகைகளைச் செய்து பார்த்தோம் (கர்வன் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்ததை எடுத்து வளர்த்ததுதான் அது). பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அவர்களுடைய "டோ" ஸ்வரமும் நம்முடைய சட்ஜம் போல எங்கே வேண்டுமானாலும் நகரும் என்பதால் சரளி வரிசைக்குப் பொருந்துகிறது. கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வந்ததும் கை முழிக்கிறது.

வியாழன் நெட் தேர்வுக்கு (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) படிப்பு. ராகங்களை வகைப்படுத்தும் நம் வேங்கடமகியின் 72 மேளத்தோடு வடக்கே பாத்கண்டேயின் பத்து தாட்டையும் மண்டையில் ஏற்றினேன், நமக்குத் தோடி என்றால் ஒன்று, வடக்கே தோடி என்றால் வேறு. இதற்குமேல் இந்த நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வு கைடிடம் அத்தியாயம் காட்டினேன். அதில் தோடி ராகத்தில் வர்ணம் என்ற உருப்படியின் ஒரு வரியை ஸ்வரமாக எழுதியிருந்தேன். அவர் பென்சிலால் காந்தாரத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "இதை எழுதினபடி பாடு" என்றார். எழுதினபடி பாடினால் அது தோடியே இல்லை, அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் ஆடிக்கொண்டே இருப்பது, காகிதத்தில் வெறும் "க". சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சான தன் நூலில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறியே போட்டுவைத்தார். அந்தக் குறிகளைப் போடலாம், ஆனால் ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு எதைக் காட்டுவது? பல்கலைக்கழகம் தாளில் கேட்கிறது, பாடம் தொண்டையில் இருக்கிறது. அரை வேகத்தில் பதிவைப் போட்டுக் கேட்டு, அசைவைக் கோடாக வரைந்து, ஒலிப்பதிவையும் பின்னிணைப்பில் சேர்க்கலாம் என்று பேசி முடித்தோம். வேலை இரட்டிப்பு, ஆனால் நிறைவாக இருந்தது.

நீங்கள் சொல்லுங்கள். மகரக்கட்டுப் பையன்களை என்ன செய்கிறீர்கள்?

காவிரிக்கரை எழுதியது:

திருவையாற்றில் படித்தவன், இப்போது பகுதிநேர வாத்தியார். எனக்குச் சிக்கல் தலைகீழ். நான் பாடுவது ஒரு கட்டை. நான் சட்ஜம் பிடித்தால் சின்னப் பிள்ளைகள் என் குரலுக்கு இறங்க நினைத்து உறுமுவார்கள், கேட்கவே பாவமாக இருக்கும். அதனால் முதலில் ஒரு பெண் பிள்ளையைப் பாடவைத்து மற்றவர்களை அவளைப் பிடிக்கச் சொல்வேன், அவள்தான் என் சுருதிப்பெட்டி.

குரல் உடைந்த பயல்களுக்கு நான் தருவது தாளம். அலங்காரம் என்ற ஆரம்பப் பாடத்தில் ஏழு தாளம் இருக்கிறதே, மற்றவர்கள் ஸ்வரம் பாடும்போது இவன்கள் கையில் தாளம் போட்டு வாயில் தாளச் சொற்கட்டு சொல்லவேண்டும். கண்ட ஜாதி அட தாளம், 14 அட்சரம் (எண்ணிக்கை), நடுவில் விரல் எண்ணும் லகுவில் ஒரு விரலை விட்டால் ஊரே சிரிக்கும், அதனால் பயபக்தியோடு போடுவான்கள். ஒருத்தன் இப்போது மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போகிறான். வாயை அசைக்கச் சொல்வதெல்லாம் அநியாயம், விடாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள் என்றீர்கள், நான் சொல்லிவிடுகிறேன். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், தையல், இசை, உடற்கல்வி எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரம் பேருக்கு மேல் பகுதிநேரமாக எடுத்தபோது சம்பளம் மாதம் 5000. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. படிப்பு முடிந்ததும் நிரந்தர வேலை என்று மனக்கோட்டை கட்டாமல் வீட்டு டியூஷனையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்வாசி எழுதியது:

எங்கட பக்கம் சங்கீதம் பள்ளிக்கூடத்தில ஒரு பாடமாவே இருக்கு. சித்திரம், நடனம், நாடகம் போல அதுவும் ஒரு தெரிவு, பதினோராம் தரத்தில வாற சாதாரண தரப் பரீட்சையிலயும் எடுக்கலாம். வெளியில வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளும் எழுதுவினம். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா தரம் பத்துக்குப் பாடம் தெரிவு செய்யிற வயசும் பொடியன்களுக்குக் குரல் உடையிற வயசும் கிட்டத்தட்ட ஒண்டு. ஒன்பதாம் தரம் வரைக்கும் நல்லாப் பாடின பிள்ளை, செயன்முறைப் பரீட்சைக்குப் பயந்து சித்திரத்துக்கு ஓடிடும். ஒரு பொடியன்ர தாயைக் கூப்பிட்டு, "அம்மா, இது நோய் இல்ல, கொஞ்ச நாளில குரல் ஒரு இடத்தில இருந்திடும்" எண்டு நான் விளங்கப்படுத்தினன். அவ நம்பேல்ல. பிறகு அதே பொடியன் கோயில்ல தேவாரம் கட்டை இறக்கிப் பாடினதைக் கேட்டிட்டு அவவே வந்து சங்கீதத்துக்குப் பெயர் குடுத்தா. பண்ணிசையில, அதுதான் தேவாரம் பாடுற முறையில, தொடங்கிப் பாருங்கோ அக்கா, ஒரு ஆள் சொல்ல மற்றவை தொடருற முறை எண்டபடியால் பயம் குறையும்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. அட தாளம் யோசனையைச் சனிக்கிழமை ஆன்லைன் மாணவியிடம் முதலில் முயன்றேன், வெளிநாட்டில் இருக்கிறாள், என் தட்டு அங்கே போய்ச் சேரும்போது அவள் அடுத்த விரலுக்குப் போய்விடுகிறாள், இணையத்தில் சேர்ந்து தாளம் போடுவது நடக்காத காரியம். நேர் வகுப்புக்கு வைத்துக்கொள்கிறேன். விழாப் பொறுப்பாளரிடம் ஒன்றரைக் கட்டையில் ஒரு தடவை பாடிக் காட்டுகிறோம், பிடிக்காவிட்டால் அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை ஒத்திகை. அதற்குள் மந்திர ஸ்தாயிக்கு இறங்காத, பிள்ளைகள் பாடக்கூடிய உருப்படிகள் தெரிந்தால் போடுங்கள். தேவாரமாக இருந்தாலும் சரி.