பெரிய லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்: எதை விட்டு, எங்கே தள்ளிப் போவது?

சாலையோரன் (கேள்வி):

வேலைக்குச் செல்லும் என் பாதையில் கனரக வாகனங்களின் போக்குவரத்து மிகவும் கூடிவிட்டதால், காலையிலும் மாலையிலும் கண்டெய்னர் லாரிகளுக்கும் டேங்கர்களுக்கும் இடையே 150 சிசி மோட்டார் சைக்கிளில் செல்ல வேண்டியிருக்கிறது. ஹெல்மெட், கையுறை, விளக்குகள், பிரேக் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன; நான் வேகமாக ஓட்டுகிறவனும் அல்லன். ஆனாலும் மூன்று விஷயங்களில் தெளிவு இல்லை. லாரிக்குப் பக்கத்தில் செல்லும்போது வண்டி அதன் பக்கமாக இழுக்கப்படுவதுபோல் இருப்பது உண்மையா, மனப்பிரமையா? பின்னால் ஒரு லாரி நெருங்கி வரும்போது வேகத்தைக் கூட்டுவதா, ஒதுங்குவதா? சந்திப்புகளில் நிற்கும் லாரிக்கு அருகே எந்த இடத்தில் நிற்பது? யாரைக் கேட்டாலும் "லாரியை விட்டுத் தள்ளியே போ" என்கிறார்கள். சாலை முழுவதும் லாரிகளாக இருக்கும்போது இந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காரணங்களோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஸ்டியரிங்:

வணக்கம் தம்பி. பல ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டியவன் என்ற முறையில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை மட்டும் சொல்கிறேன். மற்றதைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

உயரமாக அமர்ந்திருப்பதால் லாரி ஓட்டுநருக்கு எல்லாம் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். தொலைவில் உள்ளதுதான் நன்றாகத் தெரியும். அருகில் இருப்பது அதே உயரத்தால் மறைந்துபோகும். முன்பம்பரிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் வரையிலும், வண்டியின் வால்புறத்திலிருந்து ஏறத்தாழ 9 மீட்டர் வரையிலும் பார்வைக்கு எட்டாத பகுதிகள் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். முகப்பு தட்டையான லாரியில் முன்புற மறைவு இதைவிடக் குறையும். ஆனால் நீங்கள் ஒவ்வொரு லாரியின் மாதிரியையும் பார்த்துக் கணக்குப் போடப் போவதில்லை என்பதால் பெரிய அளவையே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில், ஓட்டுநர் இருக்கும் பக்கத்தைவிட, நாங்கள் கிளீனர் பக்கம் என்று சொல்லும் மறுபக்கத்தில்தான் மறைவு மிக அதிகம். அந்தப் பக்கத்துக் கதவுக்குக் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் முழுதாக நிற்கலாம். கூடுதல் கண்ணாடி இல்லாத வண்டியில் அது தெரியவே தெரியாது. கண்ணாடி இருந்தாலும், ஓட்டுநர் அந்த நொடியில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே. நான்கைந்து கண்ணாடிகளையும் சாலையையும் மாறி மாறிப் பார்ப்பவருக்கு, ஒரு கண்ணாடியை விட்டு மறுபடி அதற்கே வரும் இடைவெளியில் நீங்கள் உள்ளே புகுந்திருக்கலாம்.

அந்தப் பகுதிக்குள் கால் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முந்தும்போது அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே தங்கக் கூடாது. லாரியின் வேகத்துக்குச் சமமாக, அதன் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் அரை கிலோமீட்டர் தூரம் சேர்ந்தே வருகிறார்கள் பாருங்கள், அவர்களைக் கண்டுதான் எனக்குப் பயம். பின்னால் வரும்போது லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரிவதற்கு வழியே இல்லை. தெரிந்தால், பார்க்க வாய்ப்பாவது இருக்கிறது.

சந்திப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே வருவதில்லை. திருப்பத்தின் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் ஓட்டுநர் முதலில் எதிர்ப்பக்கமாக அகல விலகி, பிறகு திரும்புவார். அவர் விலகியதும் உட்புறத்தில் தாராளமான ஓர் இடைவெளி திறக்கும். பார்ப்பவர்களுக்கு அது வழிவிட்டதுபோல் தெரியும், உள்ளே நுழைவார்கள்; சில நொடிகளில் அந்த இடைவெளி முழுவதையும் டிரெய்லரின் பின்சக்கரங்கள் வந்து நிரப்பும். நின்றிருக்கும் லாரியின் முகப்பு சற்றே கோணலாக இருந்தாலே, இண்டிகேட்டர் எரிந்தாலும் எரியாவிட்டாலும், திரும்பப் போகிறது என்று எடுத்துக்கொண்டு பின்னால் நின்றுவிடுங்கள். முன்பம்பரை ஒட்டி நிற்பதும் வேண்டாம். விளக்கு மாறியதும் அவர் உங்களைப் பார்க்காமலே வண்டியை எடுக்கக் கூடும். மேட்டில் என்றால் பின்னாலும் கூடுதல் இடம் விடுங்கள், ஏனென்றால் சுமை ஏற்றிய வண்டி நகரத் தொடங்கும்போது சற்றுப் பின்வாங்கலாம்.

வேக விகிதம்:

முதல் கேள்விக்குப் பதில்: பிரமை அல்ல. பெட்டி போன்ற பெரிய உடல் ஒன்று வேகமாகச் செல்லும்போது முகப்பால் காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதனால் லாரியின் முன்பகுதிக்கு அருகே நீங்கள் வெளிப்புறமாகத் தள்ளப்படுவீர்கள். உடலின் பக்கவாட்டில் அழுத்தம் குறைவதால் உள்நோக்கி இழுப்பது போல் இருக்கும். பின்புறத்தில் காற்று சுழன்று சுழன்று வருவதால் கைப்பிடி ஆடும். இதைவிடத் தொல்லை தருவது குறுக்குக் காற்று அடிக்கும் நாள்தான். காற்றை எதிர்த்து வண்டியைச் சற்றுச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். லாரியின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று திடீரென்று நின்றுவிடும், சாய்த்திருந்த வண்டி லாரியை நோக்கிப் போகும். முந்தி முடித்து வெளியே வந்ததும் அதே காற்று மொத்தமாக வந்து மோதும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் அதிகமாகும். முழங்கால்களால் டேங்கைப் பற்றிக்கொண்டு கைகளைத் தளர்வாக வைத்து, லாரியிலிருந்து உங்கள் தடத்துக்குள் எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகிச் செல்லுங்கள்.

முந்துவதில் பலரும் தூரத்தைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்பதால் ஒரு கணக்கு. லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலும் நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். 18 மீட்டர் நீளமுள்ள வண்டியை, அதற்கு 20 மீட்டர் பின்னாலிருந்து தொடங்கி 20 மீட்டர் முன்னால் சென்று சேரும்வரை, உங்கள் வண்டியின் நீளத்தையும் சேர்த்து ஏறத்தாழ 60 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். வேக வேறுபாடு மணிக்கு 20 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான். எனவே கிட்டத்தட்ட 11 நொடிகள் ஆகும்; அதற்குள் நீங்கள் சாலையில் 240 மீட்டர் ஓடியிருப்பீர்கள். இருவழிச் சாலையில் எதிரே 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி வந்தால் அதுவும் 240 மீட்டர் வந்திருக்கும். ஆகவே அரை கிலோமீட்டர் தெளிவாகத் தெரிந்தால்தான் தொடங்கலாம். 150 சிசி வண்டியில் 80இலிருந்து மேலும் வேகத்தைக் கூட்ட இன்ஜினிடம் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு லாரியை முந்திய வேகத்தில் அதற்கு முன்னால் உள்ள லாரியையும் முந்திவிடலாம் என்ற ஆசை இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

பிரேக் விஷயமும் இதோடு சேர்ந்ததே. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 36 டன் லாரி, ஓட்டுநர் சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்து நிற்பதற்கு, நல்ல சாலையிலேயே ஏறத்தாழ 160 மீட்டர் தேவைப்படும் என்றும், அதே வேகத்தில் ஒரு காருக்கு நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போதும் என்றும் சொல்வார்கள். ஏர் பிரேக்கில் மிதியை அழுத்தியதும் காற்று குழாய்களின் வழியே சக்கரங்களைச் சென்றடைய ஏறத்தாழ அரை நொடி பிடிக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடியே 8 மீட்டர். முந்தி முடித்ததும் லாரியின் மூக்குக்கு முன்னால் வெட்டிப் புகுந்து வேகத்தைக் குறைப்பவர், ஓட்டுநர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அவரால் காப்பாற்ற முடியாத இடத்தில் தன்னை வைத்துக்கொள்கிறார். சுமை ஏற்றாத வெறும் லாரி என்றால் சட்டென்று நிற்கும் என்றும் நம்ப வேண்டாம். அதன் பிரேக்கும் ஸ்பிரிங்கும் முழுச் சுமைக்காக அமைந்தவை. சுமையில்லாதபோது சக்கரம் துள்ளி வழுக்கக் கூடும்.

காற்றோடு:

இவ்வளவு யோசித்தால் வண்டியே ஓட்ட முடியாது. எப்போதும் போக்குவரத்தைவிடச் சற்று வேகமாக, ஹாரன் அடித்துக்கொண்டு இடையிடையே புகுந்து போய்விட்டால் எந்த லாரிக்குப் பக்கத்திலும் நிற்க வேண்டியிருக்காது. "அங்கே தங்காதே" என்று மேலே சொன்னதற்கும் இதுதானே பொருள்?

பழைய ஸ்டியரிங்:

இல்லை தம்பி. ஒரு லாரியைக் கடப்பதற்கும் இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகும்போது, இரண்டு ஓட்டுநர்களும் அடுத்த லாரியோடு உரசாமல் இருப்பதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வரும் என்று எதிர்பார்க்க மாட்டார்கள். பள்ளத்துக்காக ஒருவர் அரை முழம் ஒடித்தால் போதும். ஹாரனைப் பொறுத்தவரை, இன்ஜின் சத்தமும் மூடிய கண்ணாடியும் இருக்கும் கேபினுக்குள் இருசக்கர வாகனத்தின் ஹாரன் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. அடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டிருக்கும் என்று நம்பி உள்ளே போகாதீர்கள்.

சாலையோரன்:

ஐயா, இருவருக்கும் நன்றி. பின்னால் நெருங்கி வரும் லாரியைப் பற்றி இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி என்ற நிலை தினமும் வருகிறது. முன்னால் இருப்பவரை நெருங்கினால் அவருக்கு நான் தெரிய மாட்டேன். விலகிப் போனால் பின்னால் இருப்பவர் மேலே ஏறிவிடுவாரோ என்று தோன்றுகிறது.

மழைக்கால ஓட்டி:

முன்னால் உள்ள இடைவெளியை விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் இருப்பவர் நெருங்க நெருங்க முன்புற இடைவெளியைப் பெரிதாக்குவதுதான் சரி, ஏனென்றால் அப்போது நீங்கள் திடீரென்று பிரேக் அழுத்தாமல் மெதுவாகக் குறைக்கலாம், அவருக்கும் நேரம் கிடைக்கும். சாதாரண நாளில் மூன்று நொடி, ஈரச் சாலையில் அதைவிடக் கூடுதலாக வையுங்கள்; 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது 50 மீட்டர். பிரேக்கை மெல்லத் தொட்டு விளக்கை ஓரிரு முறை மினுக்கிக் காட்டலாம். அப்படியும் ஒட்டி வந்தால், பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கி அவரை முன்னே விட்டுவிடுங்கள். அவரோடு வேகப்போட்டி போடுவதால் ஒரு பயனும் இல்லை. அடுத்த இறக்கத்தில் அவர் திரும்பவும் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பார்.

முன்னால் செல்லும் லாரியின் பிரேக் விளக்கை மட்டும் பார்த்து ஓட்டுவதும் கூடாது. பல லாரிகளில், மிதியை அழுத்தாமல் இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் இன்ஜின் பிரேக்கால் வேகம் குறையும்போது பின்விளக்கு எரிவதில்லை. இன்னொன்று, இங்கே யாரும் சொல்லாதது: கல்லோ மரக்கட்டையோ பள்ளமோ இருந்தால் லாரி அதைத் தன் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே விட்டுவிட்டு அலுங்காமல் போய்விடும். சரியாக நடுவில் பின்தொடரும் உங்களுக்கு அது பத்து மீட்டர் தூரத்தில் முதல் முறையாகக் கண்ணில் படும். ஆகவே லாரியின் சக்கரத் தடங்களில் ஒன்றை, முடிந்தவரை அதன் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் தெரிகிற பக்கத்துத் தடத்தைப் பிடித்துச் செல்லுங்கள். வெயிலில் கனரக வாகனங்கள் அழுத்தி அழுத்தித் தார்ச்சாலையில் வாய்க்கால்போல் குழிந்திருக்கும் இடங்களில் மட்டும் இதில் கவனம் தேவை. அந்தக் குழிவின் விளிம்பைக் கடக்கும்போது முன்சக்கரம் தடுமாறும், மழையில் அதிலேயே தண்ணீரும் தேங்கும்.

டயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரீட்ரெட் செய்த, அதாவது தேய்ந்தபின் புதுப் பட்டை ஒட்டிய டயரின் மேல்பட்டை உரிந்து பறந்தால், அதன் ஒரு துண்டே மோட்டார் சைக்கிளில் வருபவரைக் கீழே தள்ளப் போதும். லாரி டயரில் 7, 8 பார் அளவுக்குக் காற்றழுத்தம் இருப்பதால் வெடித்தாலும் அதிர்ச்சி பெரிது. பக்கத்தில் டயர் ஒன்று படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டாலோ, பட்டை தொங்குவது தெரிந்தாலோ முந்த முயலாமல் பின்வாங்குங்கள்.

வேக விகிதம்:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லாரியின் பக்கவாட்டில் விழுபவர் சக்கரங்களுக்கு அடியில் போகாமல் தடுக்கும் தடுப்புக் கம்பிகளுக்கு ஐ.நா.வின் 73ஆம் வாகன விதிமுறையும், பக்கத்தில் வரும் சைக்கிளைக் கண்டறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவிகளுக்கு 151ஆம் விதிமுறையும் இருக்கின்றன. ஆனால் சாலையில் ஓடும் எல்லா வண்டிகளிலும் இவை இருக்காது. இருந்தாலும் வேலை செய்கின்றனவா என்று பக்கத்தில் செல்லும் நமக்குத் தெரியாது. தடுப்புக் கம்பி இருக்கிறதே என்று நெருங்கிப் போக வேண்டாம்.

சாலையோரன்:

மழையில் லாரி வாரியிறைக்கும் சேற்றுநீரில் எதுவுமே தெரிவதில்லை. அப்போதும் முந்தலாமா?

மழைக்கால ஓட்டி:

வேண்டாம். அந்த நீர்ப்புகையில் உங்களுக்கு எதிரே வருவது தெரியாது, லாரியின் பக்கக் கண்ணாடியும் நனைந்திருப்பதால் உங்கள் விளக்கு அவருக்கு ஒரு மங்கலான புள்ளியாகக்கூடத் தெரியாமல் போகலாம். ஹெல்மெட் கண்ணாடி தெளிவாகும் தூரம்வரை பின்வாங்கி, அங்கேயே வாருங்கள். அந்த இடைவெளியில் ஒரு கார் வந்து புகுந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும்; மறுபடியும் கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ளுங்கள்.