பபுள் சிபாப்: குமிழி விட்டுவிட்டு வந்தால் ஃப்ளோவைக் கூட்டலாமா?

கேள்வி (எஸ்.என்.சி.யூ. எனும் பச்சிளங்குழந்தை சிறப்புப் பராமரிப்புப் பிரிவின் செவிலியர்):
29 வாரத்தில் பிறந்த குழந்தை, எடை 1.1 கிலோ. பபுள் சிபாப்பில் இருக்கிறது (மூக்கு வழியே தொடர் காற்றழுத்தம் தந்து நுரையீரலை விரிந்தே வைக்கும் முறை; வெளிமூச்சுக் குழாய் தண்ணீருக்குள் எத்தனை செ.மீ. மூழ்கியிருக்கிறதோ அதுவே அழுத்தம்). குழாய் தண்ணீருக்குள் 5 செ.மீ., ஃப்ளோ (காற்றோட்டம்) நிமிடத்துக்கு 6 லிட்டர், ஆக்சிஜன் 30 சதவீதம். குமிழி விட்டுவிட்டு வருகிறது. 9 லிட்டர் வைத்தால் நிற்காமல் வருகிறது. அப்படியே விடலாமா?

பதில் (என்.ஐ.சி.யூ. எனும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்):
வேண்டாம் சிஸ்டர். ஃப்ளோவை ஏற்றினால் கசிவு மறையும், போகாது. குழந்தை வாயை மூடியதும் அழுத்தம் 5 செ.மீ.யைத் தாண்டிவிடும். கசிவு எங்கே என்று பாருங்கள். பிராங்கை (நாசியில் செருகும் இரட்டைக் குழல்) மூக்கிலிருந்து எடுத்து, இரு முனைகளையும் கையுறை விரலால் ஒரு நொடி அடையுங்கள். குமிழி வந்தால் சர்க்யூட் (குழாய்த் தொடர்) சரி. காற்று மூக்கோரமோ வாய் வழியோ போகிறது. வராவிட்டால் ஃப்ளோமீட்டரில் தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். ஹியூமிடிஃபயர் (காற்றை ஈரமாக்கும் கருவி) மூடியையும், டெம்பரேச்சர் ப்ரோப் செருகும் துளையையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
அடைத்தால் குமிழி வருகிறது. பிராங் சிறியதோ?

பதில் (அதே செவிலியர்):
இருக்கலாம். பிராங் நாசித் துளையை நிறைக்க வேண்டும், ஆனால் ஓரத்தில் தோல் வெளுக்கக் கூடாது. வெளுத்தால் பெரிது. மூக்கின் நடுத்தண்டுக்கும் பிராங்குக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி எப்போதும் தெரிய வேண்டும். கசிகிறதே என்று உள்ளே அழுத்தினால் நடுத்தண்டு புண்ணாகும், அழுகவும் செய்யும். தோளுக்கடியில் சின்னத் துணிச் சுருள் வைத்துக் கழுத்தை நேராக்குங்கள். வாய் திறந்தே இருந்தால் தாடைப்பட்டையைத் தளர்வாகக் கட்டலாம். வயிறு உப்பாமல் இருக்க வாய்வழி இரைப்பைக் குழாயைத் திறந்து வையுங்கள்.

பதில் (பச்சிளங்குழந்தை மருத்துவர்):
ஒன்று சேர்க்கிறேன். குமிழி வருவதாலேயே அழுத்தம் சரி என்று நம்ப வேண்டாம். வெளிமூச்சுக் குழாய் தொங்கி அதில் தண்ணீர் தேங்கினால், மூக்கில் அழுத்தம் பாட்டிலில் காட்டுவதைவிடக் கூடும். தேங்கிய நீரைக் குழந்தைப் பக்கம் சாய்க்காமல் வடித்துவிடுங்கள். பாட்டிலின் நீர்மட்டமும் மெல்ல ஏறும்; ஷிஃப்டு மாறும்போதெல்லாம் அளவுகோலைப் பாருங்கள்.

கசிவை அடைத்த பிறகும் மூச்சிழுப்பு (மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குவது) குறையாமல், 6 செ.மீ. அழுத்தத்தில் எஸ்.பி.ஓ.2 (ரத்த ஆக்சிஜன் செறிவு) 90–94 சதவீதத்தில் நிற்க 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் (நுரையீரல் காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் மருந்து) கொடுக்கும் நேரம் அது. 40, 50 ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எஸ்.பி.ஓ.2 திடீரென விழுந்து, ஒரு பக்கம் மூச்சொலி குறைந்தால் உடனே நெஞ்சில் லைட் அடித்து நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்குவது) இருக்கிறதா என்று பாருங்கள்.