புதுப்பிப்பு: அண்ணனுக்குக் குடல் புற்று, எனக்கும் சோதனை வேணுமான்னு கேட்டிருந்தேனே

அண்ணனுக்கு 41 வயசுல பெருங்குடல் புற்று, அம்மாவுக்குக் கர்ப்பப்பையில. அதான் கேட்டிருந்தேன். தஞ்சாவூர் ஆபரேஷன்ல எடுத்த கட்டியைச் சோதிச்சதுல எம்எஸ்எச்2ங்கிற, மரபணுப் பிழையைச் சரிசெய்யற புரதமே இல்லை. ரத்தத்துல மரபணு பார்த்தும் உறுதியாச்சு: லிஞ்ச் சிண்ட்ரோம், அதாவது குடல், கர்ப்பப்பைப் புற்று வர வாய்ப்பைக் கூட்டுற பரம்பரைக் கோளாறு. கூடப்பிறந்தவங்களுக்கு 50 சதவீதம் வாய்ப்பு. நானும் சோதிச்சுப் பார்த்தேன், எனக்கும் அந்தக் கோளாறு இருக்கு.

மன்னார்குடி மாமா இன்னமும் "எல்லாம் வயலுக்கு அடிக்கிற மருந்துடா"ங்கிறார். சரி, இருக்கட்டும்.

இனி ஒண்ணு, ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை கொலனோஸ்கோபி, அதான் பெருங்குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டுப் பார்க்கிறது. முதல் தடவை முடிஞ்சுது. குழாய் போனதே தெரியலை. முந்தின ராத்திரி குடிச்ச அந்த உப்பு மருந்துத் தண்ணிதான் கொடுமை. சின்ன பாலிப் (குடல் சுவர்ல வளர்ற சதை) ஒண்ணு, அங்கேயே எடுத்துட்டாங்க.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல்ல நாள்பட்ட அழற்சி, புண்) இருந்தா எப்போ இந்தச் சோதனைன்னு கேட்டவருக்கு: அதுக்குக் கணக்கு வேற. வழக்கமா நோய் தொடங்கி 8 வருஷத்துல கண்காணிப்பு ஆரம்பிப்பாங்க.

அக்காதான் மரபணு சோதனைக்கு வராம, மகள் நிச்சயதார்த்தம் முடியட்டும்ங்கிறா. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயம். அவகிட்ட எப்படிப் பேசுறது, சொல்லுங்களேன்.