புதுப்பிப்பு: ஹாமில்டன் 992 கடிகாரத்தின் உறை அசலா?

சென்ற மாதம் வாங்கிய ஹாமில்டன் 992 பாக்கெட் கடிகாரத்தின் உறையும் இயந்திரமும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தவையா என்று முன்பு கேட்டிருந்தேன். நேற்று பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறந்ததும் விடை கிடைத்துவிட்டது: இயந்திரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளின் தலைகள் உறையின் உள்விளிம்பில் பதிக்கும் பிறை வடிவத் தடங்கள், இரண்டுக்குப் பதிலாக நான்கு தெரிந்தன. அதாவது, இந்த உறையில் முன்பு வேறொரு இயந்திரம் ஓடியிருக்கிறது.

இதனால் சேகரிப்பாளர்களிடையே விலை குறையும் என்பது உண்மைதான்; எனினும், அக்கால அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் இயந்திரத்தை மட்டுமே நகைக்கடைகளுக்கு அனுப்ப, உறையை வாங்குபவரே தனியாகத் தேர்ந்தெடுத்தார் என்பதால், நான் இதைப் பெருங்குறையாகக் கருதவில்லை. உற்பத்தி ஆண்டைக் கணிக்கவும் இயந்திரத்தில் பொறித்த வரிசை எண்ணையே நம்ப வேண்டும்.

என்னைக் கவர்ந்தது 21 கற்கள் (உராய்வைக் குறைக்க அச்சுகளைத் தாங்கும் சிறு மணிகள்) கொண்ட அந்த இயந்திரமே. இது ரயில்வே பணிக்கென்றே செய்யப்பட்ட வகை. 1891-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிப்டனில் இரு ரயில்கள் மோதிய பின் இறுகிய ரயில்வே விதிகள், வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிசகாத கடிகாரத்தைக் கோரின. இதில் நேரத்தை மாற்ற, முன்கண்ணாடி வளையத்தைக் கழற்றி, முகப்பின் ஓரத்திலுள்ள மெல்லிய நெம்புகோலை நகத்தால் இழுக்க வேண்டும். சாவி கொடுக்கும்போது முள் தவறி நகர்ந்துவிடாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

இப்போது சுத்தம் செய்து எண்ணெயிடக் கொடுத்திருக்கிறேன். எனாமல் முகப்பில் 7-க்கு அருகிலுள்ள மயிரிழை விரிசலைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.