வெறும் தாள் ஓட்டா, இல்லையா?

ஈசூன்காரன்:
சிங்கப்பூர்த் தேர்தலைப் பற்றி இன்னொரு திரியில் வெண்தாள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "தொகுதியில் நிற்கிற இரண்டு அணியும் தூக்குத் தண்டனையை ஏற்றால், கத்தோலிக்கர் எதிலும் குறி போடாமல் தாளை மடித்துப் பெட்டியில் போடணும். அமைதி ஏற்படுத்துவோர் யார் பக்கமும் சேரமாட்டார்கள்" என்கிறார். யார் கொடுத்த போதனை இது? திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலில் 2240ஆம் எண்ணைத் திறந்து பாருங்கள். வரி கட்டுவது, வாக்குரிமையைப் பயன்படுத்துவது, நாட்டைக் காப்பது, மூன்றும் அறநெறிக் கடமை என்று ஒரே வரியில் இருக்கிறது. வெறும் தாள் ஓட்டு இல்லை. எண்ணும்போது அது செல்லாத வாக்கு. வித்தியாசம் 2 விழுக்காட்டுக்குள் வந்தால் மறுபடி எண்ணுகிறார்களே, அந்த 2 விழுக்காட்டைக் கணக்கிடும்போதுகூடச் செல்லாத வாக்கைக் கழித்துவிடுகிறார்கள். உங்கள் மனச்சான்று அங்கே யார் காதில் விழுந்தது?

வெண்தாள்:
பெயர் சொல்லியே இழுத்துவிட்டீர்கள், சரி. சாவடிக்கே போகாதவர் பெயரைத்தான் வாக்காளர் பதிவேட்டிலிருந்து எடுக்கிறார்கள். தகுந்த காரணம் இல்லையென்றால் திரும்பச் சேர்க்க 50 வெள்ளி. போய்த் தாளை வாங்கிப் பெட்டியில் போட்டவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, உள்ளே குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்போது சட்டத்தின் கண்ணில் அவர் வாக்களித்தவர். 2240 கேட்பதும் அதைத்தானே?

இன்னொன்று. 2007இல் அமெரிக்க ஆயர்கள் வெளியிட்ட வாக்காளர் வழிகாட்டியில் 36ஆம் பத்தி: நிற்கிற எல்லாருமே தன்னிலேயே தீமையான, அதாவது எந்தச் சூழ்நிலையிலும் சரியாகாத ஒன்றை ஆதரித்தால், வாக்காளர் யாருக்கும் போடாமல் இருக்கும் அசாதாரணமான முடிவை எடுக்கலாம். ஆயர்கள் எழுதியது, நான் எழுதியதல்ல.

ஈசூன்காரன்:
பாதிப் பத்தியைக் கொண்டுவந்து முழுப் பத்தி என்கிறீர்கள். அதே வாக்கியம், தீமையை அதிகம் தள்ளிக்கொண்டு போகமாட்டார் என்று தோன்றுகிறவருக்கு நன்றாக யோசித்து வாக்களிக்கலாம் என்றும் சொல்கிறது. இரண்டு வழி. நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்து அதையே "கடமை" ஆக்கினீர்கள். "அசாதாரணமான" என்ற சொல்லை நீங்களே எழுதிவிட்டு, அதை ஊருக்கெல்லாம் பொது விதியாக வைப்பதுதான் கேட்கச் சகிக்கவில்லை. சாவடிக்குப் போனது கால். ஓட்டுப் போடுவது கை. வெறும் தாள் ஓட்டு இல்லை.

பூன்லே அக்கா:
தம்பிகளா, போப் பிரான்சிஸ் இங்கிருந்து ரோமுக்குத் திரும்பினபோது விமானத்தில் சொன்னது மறந்துபோச்சா? 2024 செப்டம்பர் 13. அமெரிக்கத் தேர்தலைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர் குடியேறிகளை விரட்டுகிறார், இன்னொருவர் கருக்கலைப்பை ஆதரிக்கிறார், இரண்டுமே உயிருக்கு எதிரானது என்றார். வாக்களிக்காமல் இருப்பது நல்லதல்ல, குறைந்த தீமையைத் தேர்ந்தெடுக்கணும், எது குறைந்தது என்பதை அவரவர் மனச்சான்று முடிவு செய்யட்டும் என்றார். இதற்கு மேல் என்ன வேணும்?

வெண்தாள்:
அக்கா, அது அமெரிக்கருக்குச் சொன்னது. அங்கே சாவடிக்குப் போவதே கட்டாயம் இல்லை. வாக்களிக்காதவர் என்றால் அங்கே வீட்டில் இருந்தவர். இங்கே வெறும் தாள் போடுகிறவர் வீட்டில் இருந்தவர் அல்ல.

ஈசூன்காரன்:
போப் அமெரிக்கருக்குச் சொன்னது இங்கே செல்லாது, அமெரிக்க ஆயர்கள் சொன்னது மட்டும் செல்லும். நல்ல நியாயம்!

கேள்வித்தோமா:
ஆதாரத்துக்கே போவோம். 2004இல் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட்) அமெரிக்க ஆயர்களுக்கு அனுப்பிய குறிப்பில் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஒரு வேட்பாளரின் தவறான நிலைப்பாட்டுக்காகவே அவருக்குப் போட்டால் அது நேரடி உடந்தை, பாவம். அந்த நிலைப்பாட்டை ஏற்காமல் வேறு காரணத்துக்காகப் போட்டால் அது தொலைவான உடந்தை, ஈடான காரணம் இருந்தால் அனுமதி உண்டு. ஆனால் வெண்தாள் பேசுவது மரண தண்டனையை. போரையும் மரண தண்டனையையும் பற்றிக் கத்தோலிக்கருக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம், கருக்கலைப்பிலும் கருணைக் கொலையிலும் இருக்க முடியாது என்று அதே குறிப்பு சொல்கிறது. அப்படியானால் மரண தண்டனை 'தன்னிலேயே தீமை' வகையில் வராது, 36ஆம் பத்தியே இங்கே பொருந்தாது.

வெண்தாள்:
2004இலேயே நின்றுவிட்டீர்களே தோமா. 2018 ஆகஸ்ட்டில் மறைக்கல்வி 2267 மாற்றி எழுதப்பட்டது. மரண தண்டனை ஏற்கத் தகாதது, உலகமெங்கும் ஒழியத் திருச்சபை உறுதியோடு உழைக்கிறது என்று இருக்கிறது. 2020இல் போப் பிரான்சிஸின் 'அனைவரும் உடன்பிறந்தோர்' சுற்றுமடல் 263ஆம் எண்ணிலும் அதே. 258ஐயும் படியுங்கள், 'நீதியான போர்' என்ற பழைய அளவுகோலை இன்று எடுத்து வைப்பதே மிகக் கடினம் என்கிறது. இந்த நாட்டில் 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் தூக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகும், பொருளைச் சுமந்து வந்தவராக மட்டும் இருந்து, கடத்தலைத் தடுக்க உதவினார் என்ற அரசுத் தரப்பின் சான்றிதழும் கிடைத்தவருக்குத்தான் பெரும்பாலும் நீதிபதி வேறு தண்டனை தர முடியும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு யாருக்கு முத்திரை குத்துவது?

கேள்வித்தோமா:
'ஏற்கத் தகாதது' வேறு, 'தன்னிலேயே தீமை' வேறு. 2267இல் இரண்டாவது சொற்றொடர் இல்லை. சொல்லைப் பார்த்துப் பேசுங்கள்.

பூன்லே அக்கா:
தூக்கில் போகிறவருக்குச் சொல் வித்தியாசம் தெரியுமா தோமா?

ஈசூன்காரன்:
எல்லாரும் திசை மாறுகிறீர்கள். சரி, தூக்கு தவறு என்றே வைத்துக்கொள்வோம், நானும் அப்படித்தான் நம்புகிறேன். அதற்காகத்தான் கத்துகிறேன். குழுத்தொகுதியில் ஒரே குறியில் நாலு, அஞ்சு பேரை அனுப்புகிறீர்கள். அந்த அணியில் ஒருவர் கருணை மனுவைப் பற்றிப் பேசக்கூடியவர், இன்னொருவர் பேசாதவர். தனி ஆளைப் பொறுக்க முடியாது, அணியைத்தான் எடைபோடணும். மறைக்கல்வி 1783 சொல்கிற 'மனச்சான்றை உருவாக்குதல்' அதுதான்: தேர்தல் அறிக்கையை வாசி, நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்று பதிவைப் பார், உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாளில் போய்க் கேள், மசோதா தெரிவுக்குழுவுக்குப் போனால் எழுத்தில் கருத்து அனுப்பு. இவ்வளவையும் விட்டுவிட்டு வெறும் தாள் போட்டால் அது 1791. உண்மை எது, நல்லது எது என்று தேட அக்கறை எடுக்காதவரின் தவறு அவர்மேலேயே விழும் என்கிறது அது. மனச்சான்றுக்குக் கீழ்ப்படி என்கிற 1790ஐ மட்டும் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வெறும் தாள் ஓட்டு இல்லை.

வெண்தாள்:
இதையெல்லாம் செய்துவிட்டும் ஒருவர் வெறும் தாள் போடலாமே? நான் தேடவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

பூன்லே அக்கா:
2025இல் மரீன் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் தொகுதியில் போட்டியே இல்லாமல் போனது. அங்கே இருந்தவர்களுக்குத் தாளே வரவில்லை. கிடைத்த தாளை வெறுமனே விடுவதைப் பார்த்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

கேள்வித்தோமா:
வெண்தாளுக்கு வேறு பயம் என்று நினைக்கிறேன். தாளில் வரிசை எண் இருக்கிறது, யார் போட்டது என்று தெரிந்துவிடும் என்று.

வெண்தாள்:
பயம் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. மன்னிப்புக் கேளுங்கள்.

ஈசூன்காரன்:
அந்த எண் கள்ள ஓட்டைத் தடுக்க. பெட்டிகளை முத்திரையிட்டு 6 மாதம் பூட்டி வைத்துவிட்டு அழித்துவிடுகிறார்கள், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது. பயத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நீங்கள் எடுத்துக்காட்டிய மூலவசனத்துக்கு வாங்க. மத்தேயு 5:9. 1995இன் விவிலியப் பொதுமொழிபெயர்ப்பில் 'அமைதி ஏற்படுத்துவோர்'. வகுப்பில் ஆசிரியர் "அமைதி!" என்று சத்தம் போடுவாரே, அந்த அமைதியாக இதை எடுத்துக்கொண்டதுதான் உங்கள் குழப்பம். கிரேக்கத்தில் அது சமாதானத்தைச் 'செய்கிறவர்' என்று ஒரே சொல். பழைய மொழிபெயர்ப்பின் 'சமாதானம் பண்ணுகிறவர்கள்' எவ்வளவோ மேல்.

கேள்வித்தோமா:
அது சீர்திருத்தச் சபையார் வேதாகமம். 'பண்ணுகிறவர்கள்' உங்களுக்கு மேலா?

ஈசூன்காரன்:
வினை இருக்கிறது, அதுதான் மேல். யார் அச்சடித்தால் என்ன?

வெண்தாள்:
'ஏற்படுத்துவோர்' வினை இல்லையா? இலக்கணம் தெரியாமல் விவிலியத்தில் கைவைக்காதீர்கள். 2240ஐ நீட்டியவர் 2242ஐயும் நீட்டுங்கள், அறநெறிக்கு எதிரான ஆணைக்குக் குடிமகன் மனச்சான்றின்படி கீழ்ப்படியக் கூடாது. 2311 ஆயுதம் ஏந்த மறுப்பவருக்கு மாற்றுச் சேவை வேண்டும் என்கிறது. இங்கே தேசிய சேவை என்ற கட்டாயப் படைச்சேவை 2 வருடம், மறுப்பவருக்கு அப்படி ஒரு வழி இல்லை. எந்த அணியிடம் இதைக் கேட்டீர்கள், ஈசூன்காரரே?

பூன்லே அக்கா:
குடிமைத் தற்காப்புப் படையில் போட்டால் தீயணைக்கிற வேலைதானே?

வெண்தாள்:
எங்கே போடுவது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள், அக்கா. மனச்சான்றைக் கேட்டு அல்ல.

ஈசூன்காரன்:
தேசிய சேவைக்குத் தனித் திரி திறங்கள், வருகிறேன். இங்கே கேட்டது ஒன்றே ஒன்று. வெறும் தாளால் தூக்கு மேடையிலிருந்து ஒரு ஆள் இறங்கியிருக்கிறாரா?

வெண்தாள்:
உங்கள் குறியால் இறங்கியிருக்கிறாரா?

கேள்வித்தோமா:
நான் கேட்ட 2267 இன்னும் அப்படியே கிடக்கிறது.

ஈசூன்காரன்:
வெறும் தாள் ஓட்டு இல்லை. நாளைக்கும் இதையேதான் எழுதுவேன்.